எழுதுமுன் எண்ணுக

"கட்டுரை எழுதுக" என்று ஆசிரியர் பணித்தவுடன், மாணவர் பலர் தாளை விரித்து, எழுதுகோலைக் கையில் பிடித்து, முதல் வரியைத் தேடத் தொடங்குகின்றனர். முதல் வரி எளிதில் வருவதில்லை. வந்த வரியும் அடித்துத் திருத்தப்படுகிறது. காலம் கடக்கிறது. இறுதியில், "எனக்கு எழுத வராது" என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடுகின்றனர். எழுத்தாற்றல் சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, ஏனையோர் முயன்று பெறமுடியாதது என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்து கற்கும் மாணவருக்கு இவ்வெண்ணம் பெருங்கேடு விளைக்கும். தம் வீட்டாரின் உழைப்பையும் தம் ஊரின் நிலையையும் உலகுக்கு எடுத்துரைக்க வேண்டியவர்கள் இதனால் வாய்மூடி இருந்துவிடுவர்.

இக்குறைக்குக் காரணம் ஆற்றல் இன்மை அன்று. எழுதுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் செய்யப்படாமையே காரணம். உழாத நிலத்தில் விதைத்தவன், விதையைப் பழித்துப் பயனில்லை. பொருளைத் தெரிதல், குறிப்புகளைத் திரட்டுதல், அவற்றை வகைப்படுத்தி முறையாக அமைத்தல் ஆகிய மூன்றும் எழுத்துக்கு உழவு போன்றவை. இவை எவரும் பயின்று பெறத்தக்க பழக்கங்கள். தேர்ந்த எழுத்தாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் இவ்வழியே சென்றவர்கள்தாம்.

பண்டைத் தமிழர் கண்ட நெறி

எழுதுமுன் திட்டமிடுதல் புதிய முறை அன்று. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, ஒரு நூல் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை விரிவாக ஆராய்கிறது. நூலுக்குரிய சிறப்புப் பாயிரத்தில் சொல்லப்பட வேண்டியவை எட்டு என்பது அதன் கொள்கை. அவற்றுள் நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் மூன்றும் இன்றைய மாணவருக்கும் மிக இன்றியமையாதன. எதைப் பற்றிச் சொல்லப் போகிறோம், யாருக்குச் சொல்லப் போகிறோம், அதனால் விளையும் நன்மை யாது என்னும் மூன்று வினாக்களே அவை. இவற்றுக்கு விடை காணாமல் எழுதத் தொடங்குபவன், ஊரின் பெயர் அறியாமல் வண்டி ஏறியவனை ஒப்பான்.

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து எனவும் நன்னூல் வகுக்கிறது. அவற்றுள் சிலவற்றை உற்று நோக்கினால், அவை திட்டமின்மையால் பிறப்பவை என்பது புலனாகும். எடுத்த பொருளை விட்டுப் பிறிதொன்றைப் பெருக்கிக்கொண்டு போவது 'மற்றொன்று விரித்தல்'. முன் சொன்னதையே மீண்டும் சொல்வது 'கூறியது கூறல்'. சிறப்பாகத் தொடங்கி, போகப் போகப் பொலிவிழந்து முடிவது 'சென்று தேய்ந்து இறுதல்'. தேர்வுத் தாள்களில் ஆசிரியர்கள் நாள்தோறும் காணும் குறைகள் இவையே அல்லவா? எழுதுவதற்கு முன்பே பொருளைப் பகுத்து வைத்துக்கொண்டவன் கைக்கு இக்குற்றங்கள் எளிதில் வாரா. இலக்கண நூலார் ஒரே இனத்தைச் சேர்ந்த செய்திகளை ஓரிடத்தில் சேர்த்து வைக்கும் பகுதிக்கு 'ஓத்து' என்று பெயரிட்டனர். அதற்கு, ஒத்த மணிகளை வரிசையாகக் கோத்தலை உவமையாகக் காட்டினர். இன்று நாம் 'பத்தி' என்று வழங்குவதன் உயிர்ப்பண்பும் இதுவே ஆகும்.

குறிப்பெடுத்தல்: அத்திரம்பாக்கம் கற்பிக்கும் பாடம்

திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அருகே, கொசத்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உள்ளது. 1863ஆம் ஆண்டு, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூசு ஃபூட்டு என்பவரும், அவருடன் பணிபுரிந்த வில்லியம் கிங்கு என்பவரும் இவ்வூர்ப் பகுதியில் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தனர். அதே ஆண்டு மே மாதத்தில் ஃபூட்டு பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்திருந்தார். அக்கருவிகள் பார்வைக்கு வெறுங் கூழாங்கற்கள் போன்றவை. அவ்வழியே ஆடு மாடு மேய்த்தோரும் நடந்து சென்றோரும் அவற்றை எத்தனையோ முறை மிதித்துக் கடந்திருப்பர். ஃபூட்டு அவற்றைக் கூர்ந்து நோக்கினார். கண்டெடுத்த இடத்தையும் குறித்து வைத்தார்.

அவர் இவ்வாறு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தென்னிந்தியாவின் பல பகுதிகளிலும் கருவிகளைத் திரட்டினார். அத்தொகுப்பு 1904ஆம் ஆண்டு சென்னை அரசு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அதனைப் பற்றி அவர் எழுதிய விளக்கப் பட்டியல், அவர் மறைந்தபின் 1914ஆம் ஆண்டிலும், அதன் தொடர்ச்சியான குறிப்புரை 1916ஆம் ஆண்டிலும் நூல்களாக வெளிவந்தன. நாற்பது ஆண்டுக் குறிப்பு முன்னே நின்றது. நூல் பின்னே வந்தது. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பு இல்லாதிருந்தால், அப்பெருந்தொகுப்பு பொருள் விளங்காத கற்குவியலாய்ப் போயிருக்கும்.

அத்திரம்பாக்கத்தின் கதை அவருடன் முடிந்துவிடவில்லை. 1999ஆம் ஆண்டு முதல் சாந்தி பப்பு என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் அங்கு அகழாய்வு நடத்தினர். ஒவ்வொரு கருவியும் எவ்விடத்தில், எவ்வளவு ஆழத்தில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது அளந்து பதிவு செய்யப்பட்டது. அங்குக் கிடைத்த மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்னும் முடிவு 2011ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பல ஆண்டுப் பதிவுகளின் மேல் எழுந்த முடிவாதலின், அது சில பக்கங்களே கொண்ட கட்டுரையாயினும் உலக அறிஞரின் கருத்தை ஈர்த்தது.

மாணவர் இதிலிருந்து அறிய வேண்டுவது யாது? கண்டதைக் கண்டவுடன் குறித்து வைத்தல் வேண்டும். இடம், நாள், சொன்னவர் ஆகியவற்றையும் உடன் குறித்தல் வேண்டும். நினைவு என்பது ஓட்டைக் குடம். இன்று நிறைந்திருப்பது நாளை வடிந்துவிடும். குறிப்பேடு ஒன்றே அதற்கு அடைப்பு.

அறியாததை அறிந்தபின் எழுதுதல்

குறிப்புத் திரட்டினால் மட்டும் போதுமா? திரட்டியவற்றுள் விளங்காதவை எவை என்று தெளிதலும் வேண்டும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு டாக்டர் உ. வே. சாமிநாதையரின் வாழ்க்கை. 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகப் பணியேற்ற அவர், அவ்வூரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் கற்ற நூல்களின் பெயர்களை அவர் வரிசையாகக் கூற, முதலியாரோ சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என வினவினார். அவ்வினாவே ஐயர் வாழ்க்கையின் திருப்புமுனை ஆயிற்று.

சிந்தாமணி சமண சமயக் காப்பியம். அதன் ஏட்டுச் சுவடிகளைப் படித்தபோது ஐயருக்கு விளங்காத இடங்கள் பல இருந்தன. தமக்குத் தெரிந்ததைக் கொண்டு ஊகித்து எழுதிவிட அவர் மனம் ஒப்பவில்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்று அவர்தம் சமயக் கொள்கைகளையும் மரபுகளையும் கேட்டறிந்தார். பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வேறுபாடுகளைக் குறித்தார். உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காட்டும் மேற்கோள்கள் எந்தெந்த நூல்களைச் சேர்ந்தவை என்று தேடினார். இவ்வளவு உழைப்பின் பின்னரே 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சில் வெளிவந்தது. ஒரு வினாவுக்கும் ஒரு நூலுக்கும் இடையே ஏழாண்டு முன்வேலை இருந்தது. பின்னர் 1898ஆம் ஆண்டு மணிமேகலையைப் பதிப்பித்தபோதும் இவ்வாறே பௌத்த சமயக் கருத்துகளைக் கேட்டறிந்த பின்னரே குறிப்புரை வரைந்தார்.

"எனக்கு என்ன தெரியும்?" என்ற வினாவோடு, "எனக்கு என்ன தெரியவில்லை?" என்ற வினாவையும் எழுப்பிக்கொள்பவனே நல்ல எழுத்தாளனாக வளர்வான். முதல் வினா கையிலுள்ள செல்வத்தைக் காட்டும். இரண்டாவது வினா, செல்ல வேண்டிய திசையைக் காட்டும்.

முறைப்படுத்தல்

தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பெ. தூரன் அவர்களை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. இத்தகைய பெரும்பணியில், எந்தெந்தத் தலைப்புகள் இடம்பெற வேண்டும், எதற்கு எவ்வளவு இடம் அளிக்க வேண்டும், எந்தத் துறையை எவர் எழுதவேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுத்தாலன்றி ஒரு தொகுதியும் நிறைவேறாது. பத்துத் தொகுதிகளுக்கு உரிய இவ்விதி, இரண்டு பக்கக் கட்டுரைக்கும் உரியதே. அளவில் வேறுபாடு உண்டு. முறையில் வேறுபாடு இல்லை.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கும்மிடிப்பூண்டிப் பள்ளியில் பயிலும் மாணவி ஒருத்தி, "எங்கள் ஊர்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுத வேண்டும் என வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி சென்னைக்கு வடக்கே, கூடூர் செல்லும் இருப்புப்பாதையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். சிப்காட் தொழிற்பேட்டை அங்கு உண்டு. உருக்காலைகளும் பிற தொழிற்சாலைகளும் பல. கிழக்கே பழவேற்காடு ஏரி. சுற்றிலும் நெல் வயல்கள். இவை அனைத்தையும் ஒரே கட்டுரையில் திணித்தால், படிப்பவர் உள்ளத்தில் எதுவும் நில்லாது.

ஆதலின் அவள் முதலில் ஒரு தாளில் தன் உள்ளத்தில் தோன்றுவனவற்றை எல்லாம் முறையின்றியே குறித்துக்கொள்ளலாம். விடியற்காலை மின்தொடர் வண்டியில் வந்திறங்கும் தொழிலாளர் கூட்டம், வேலைமுறை மாறும்போது ஒலிக்கும் சங்கு, வட மாநிலங்களிலிருந்து வந்தோர் பேசும் பல மொழிகள், தாத்தா உழுத நிலம், அண்ணனின் ஆலை வேலை, கிணற்று நீரைப் பற்றிய ஐயம், மழைக்காலத்து ஆரணியாறு எனப் பலவும் அதில் இடம்பெறும். இந்நிலையில் சொல்லழகைப் பற்றியும் பிழையைப் பற்றியும் கவலைப்பட வேண்டுவதில்லை. எண்ணங்கள் வெளிவருதலே நோக்கம்.

அடுத்து, அக்குறிப்புகளைக் கண்டது, கேட்டது, கருதியது என்னும் மூன்று வரிசைகளில் பிரித்தல் வேண்டும். தொழிலாளர் கூட்டம் அவள் கண்டது. முன்பு முப்போகம் விளைந்தது என்பது தாத்தா சொல்லக் கேட்டது. ஆலைக் கழிவால் கிணற்று நீர் கெட்டது என்பது, சான்று கிட்டும்வரை, கருதியது மட்டுமே. கருதியதைக் கண்டதுபோல் எழுதுவது பொய்ம்மைக்கு இடம் தரும். கேட்டதை இன்னார் கூறினார் என எழுதினால் நம்பிக்கை பிறக்கும். கிணற்று நீரைப் பற்றி உறுதியாக எழுத விரும்பினால், அவ்வூரார் பலரைக் கேட்டும், நீர் ஆய்வு முடிவைத் தேடியும் அவள் தெளிதல் வேண்டும்.

மூன்றாவதாக, இவ்வளவு செய்திகளுள் தான் சொல்ல விரும்பும் தலையாய கருத்து எது எனத் தேர்தல் வேண்டும். "உழவை நம்பியிருந்த ஊர் ஆலையையும் நம்பத் தொடங்கியபின் வாழ்க்கை எவ்வாறு மாறிற்று" என்பது அவள் தேர்ந்த கருத்தாகலாம். இவ்வொரு வரி கிடைத்தவுடன் மற்றவை தாமே இடம் தேடிக்கொள்ளும். முன்பிருந்த நிலை, மாற்றம் வந்த வகை, அதனால் பெற்ற நன்மை, அதனால் எழுந்த கவலை, இனிச் செய்ய வேண்டுவன என ஐந்து பத்திகள் அமையும். அண்ணனின் கூலி நன்மையில் சேரும்; கிணற்று நீர் கவலையில் சேரும். ஆரணியாற்றின் அழகு எவ்வளவு இனிதாயினும், இக்கட்டுரையில் அதற்கு இடமில்லை. அதனை மற்றொரு கட்டுரைக்கென ஒதுக்கி வைத்தலே அறிவுடைமை. எதை எழுதுவது என்று தெரிதலைப் போலவே, எதை விடுவது என்று தெரிதலும் எழுத்துக் கலையின் இன்றியமையாத கூறு ஆகும்.

வார்ப்பும் எழுத்தும்

வார்ப்பாலைகளில் உருக்கிய உலோகத்தை வார்ப்பதற்கு முன், செய்ய வேண்டிய பொருளின் மாதிரியை மரத்தால் அமைப்பர். அம்மாதிரியைக் கொண்டு மணலில் அச்சு ஆக்குவர். பின்னரே உருகிய உலோகத்தை அதில் ஊற்றுவர். அச்சில் பிழை இருப்பின், எவ்வளவு உயர்ந்த உலோகமும் பயன்படாது. எழுத்திலும் அவ்வாறே, சொல்வளம் எவ்வளவு இருப்பினும், அமைப்பில் பிழை நேர்ந்தால் கட்டுரை உருப்பெறாது.

ஆயினும் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. உலோகம் இறுகியபின் வடிவத்தை மாற்றுதல் அரிது. எழுத்து அத்தகையது அன்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே புதிய எண்ணம் ஒன்று தோன்றலாம். முன்னர் வைத்த வரிசையினும் சிறந்த வரிசை புலப்படலாம். அப்பொழுது திட்டத்தை மாற்றிக்கொள்வதில் இழுக்கில்லை. திட்டம் எழுதுவோனுக்குத் துணையே அன்றித் தளை அன்று. ஆனால், மாற்றுவதற்கும் முதலில் ஒரு திட்டம் இருத்தல் வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது.

"தேர்வில் இதற்கெல்லாம் காலம் ஏது?" எனச் சிலர் வினவலாம். அரை மணி நேரத்தில் எழுத வேண்டிய கட்டுரைக்கு ஐந்து மணித்துளியைக் குறிப்புக்கென ஒதுக்கினால் போதும். பத்திக்கு ஒரு சொல்லாக ஐந்தாறு சொற்களை விடைத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டால், எஞ்சிய நேரத்தில் கை தடையின்றி ஓடும். அடித்துத் திருத்துவதில் வீணாகும் நேரத்தோடு ஒப்பிட்டால் இவ்வைந்து மணித்துளி செலவன்று, சேமிப்பே ஆகும்.

எழுத்தால் ஊருக்கு விளையும் பயன்

இப்பழக்கம் பள்ளியோடு முடிவதன்று. தமிழ்நாட்டில் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. குடிநீர், சாலை, ஓய்வூதியம், பட்டா எனப் பல தேவைகளுக்காக மக்கள் மனுக்களோடு அங்குச் செல்கின்றனர். ஒரே மனுவில் ஐந்து குறைகளைக் கலந்து எழுதினால், அது எந்தத் துறைக்கு உரியது என்று துணிதல் அலுவலருக்கு அரிதாகும். இடத்தின் பெயரும் நாளும் இன்றி எழுதினால், உண்மைக் குறையும் வெறும் முறையீடாகத் தோன்றும். ஒரு மனு, ஒரு குறை, அது நேர்ந்த இடம், தொடங்கிய நாள், பாதிக்கப்பட்டோர், வேண்டும் தீர்வு என முறைப்பட எழுதப்பட்டால், அம்மனுவின் மீது நடவடிக்கை எடுப்பது எளிதாகும். தெருவில் கற்றோர் பலர் இருந்தும், தெருக்குழாயில் நீர் வராமையைத் தெளிவாக எழுத ஒருவரும் இல்லையெனில், அத்தெருவின் தாகம் எவ்வாறு தீரும்?

அத்திரம்பாக்கத்துக் கல் பல லட்சம் ஆண்டுகள் மண்ணுள் கிடந்தது. முறையாகக் குறித்தெழுத ஒருவர் வந்தபின்னரே அது வரலாறு ஆயிற்று. சிந்தாமணி ஏடுகளில் உறங்கியது; ஏழாண்டுகள் முயன்று ஒருவர் பதிப்பித்த பின்னரே அது தமிழ் மக்கள் கைக்கு எட்டியது. ஒவ்வோர் ஊரிலும் எழுதப்படாத செய்திகள் எத்தனையோ உள்ளன. வயலை விட்டு ஆலைக்குச் சென்ற தந்தையின் அனுபவமும், பழவேற்காட்டு ஏரியில் வலை வீசும் மீனவரின் அறிவும், ஊர்ப் பெரியோர் நினைவில் மட்டும் வாழும் நிகழ்ச்சிகளும் அத்தகையனவே. அவற்றை எழுதவேண்டியவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகளே.

ஆதலின், மாணவர் ஒவ்வொருவரும் சிறு குறிப்பேடு ஒன்றைத் தம்முடன் வைத்துக்கொள்வாராக. நாள்தோறும் கண்டதும் கேட்டதுமாக இரண்டொரு செய்திகளையேனும் அதில் பதிவாராக. எழுதத் தொடங்குமுன், எதை, யாருக்கு, எதற்காக என்னும் மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக. விடை கிடைத்தபின் குறிப்புகளை வரிசைப்படுத்தி, அதன் பின்னரே முதல் வரியைத் தொடங்குவாராக. இவ்வாறு பழகிவருவோர்க்கு, "எழுத வராது" என்னும் சொல் நாளடைவில் மறந்துபோகும்.